மஞ்சளும் காளான் தூளும் கொடுத்தால் பிராய்லருக்கு மருந்து வேண்டாமா?

9 ஜனவரி 2025, குறிஞ்சிப்பாடி வாசகரின் கேள்வி

500 பிராய்லர் வளர்க்கிறேன். இது மூன்றாவது பேட்ச். சென்ற முறை 25ஆம் நாளுக்கு மேல் தினமும் நான்கைந்து கோழிகள் செத்தன. மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் கொடுத்துத் தீவனத்தில் கலக்கச் சொன்னார்கள். என்ன மருந்து என்று கேட்டால் "வளர்ச்சிக்கு" என்கிறார்கள். மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி, காளான் தூள் ஆகிய நான்கையும் கொடுத்தால் தடுப்பு மருந்துகூட வேண்டாம் என்று ஒருவர் காணொளியில் சொல்கிறார். கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

9 ஜனவரி, இரவு

தம்பி, நான் கொடுக்கிறேன். பாகூர்ப் பக்கம் 400 கோழி வைத்திருக்கிறோம். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்: தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா (வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து), 14ஆம் நாளை ஒட்டிக் கம்போரோ (அதே பெயருள்ள வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து), 21ஆம் நாளை ஒட்டி மறுபடியும் லசோட்டா. இதில் ஒரு நாள்கூடச் சமரசம் கிடையாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பிராய்லருக்கு வருவதற்கு முன் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி இருந்தது. வெள்ளைக் கழிச்சல் வந்தால் என் மாமியார் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் மூன்றையும் அம்மியில் தட்டி உருண்டை பிடித்து வாயில் போடுவார். அப்படிப் போட்டுச் சில கோழிகள் பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தை மாதம் 32 கோழிகளில் 27 போய்விட்டன. கடைசியாகச் செத்த சேவல், கழுத்து முழுவதும் முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் திரும்பி, வானத்தைப் பார்த்தபடியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. அது ராணிக்கேட் வைரஸ். அதன்மேல் வெங்காயமும் வேலை செய்யாது, கடைக்காரர் கொடுத்த பொட்டலமும் வேலை செய்யாது. அந்தப் பொட்டலம் நோய் எதிர்ப்பு மருந்தாகவே (ஆன்டிபயாடிக்) இருந்தாலும் அது பாக்டீரியாவுக்கானது.

இனி மூலிகை. நான் கொடுப்பது ஒரு கிலோ தீவனத்துக்கு மஞ்சள் தூள் 5 கிராம், மிளகுத் தூள் ஒரு சிட்டிகை, பூண்டு 5 கிராம், நிழலில் காய்ந்த முருங்கை இலைத் தூள் 20 கிராம், காளான் தூள் 5 கிராம். கீழாநெல்லி வாரத்தில் இரண்டு நாள். சென்ற பேட்சில் 38 நாளில் சராசரி 2 கிலோ 100 கிராம் வந்தது. அதற்கு முந்தைய பேட்ச் 1 கிலோ 950. மூலிகைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

10 ஜனவரி

அந்தப் பொட்டலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெயர் தெரியாத எதையும் தீவனத்தில் போடாதீர்கள். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் நம் நாட்டில் தடை வந்துவிட்டது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி மனிதரைத் தாக்கும்போது மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது அதைத்தான். அதைப் போய்க் கோழி கொழுக்கக் கொட்டினால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது? ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக நோய் எதிர்ப்பு மருந்து கலப்பதையே 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. மூலிகை, காளான், நல்ல பாக்டீரியா என்று உலகம் முழுவதும் தேட ஆரம்பித்ததற்கு இந்தத் தடை பெரிய காரணம்.

இந்தப் பழக்கம் தொடங்கிய கதையும் எனக்கு வியப்பாக இருக்கும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், டெட்ராசைக்ளின் வகை மருந்து தயாரித்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. என் நாத்தனாரின் காளான் கழிவைக் கூடையில் சுமந்துவரும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

14 ஜனவரி

பொங்கல். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைக் கோழிக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இலையை நறுக்கிப் போட்டேன். நான்கு கோழிகள் கொத்திவிட்டு விட்டுவிட்டன. கிழங்கை வேகவைத்துக் காயவைத்தால்தான் அரைக்க வரும். பச்சைக் கிழங்கை அரைத்துத் தீவனத்தில் கலந்தால் இரண்டாம் நாள் பூசணம் பிடிக்கும்.

மஞ்சள் தூளைக் கடையில் உதிரியாக வாங்காதீர்கள். நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பது உண்டு. அது ஈயம். விரலி மஞ்சளாக வாங்கி மாவு மில்லில் கொடுங்கள். மிளகு சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அதற்கு உதவும்.

20 ஜனவரி

காளான் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறீர்கள், விரிவாக எழுதுகிறேன்.

என் நாத்தனார் வில்லியனூரில் சிப்பிக் காளான் வளர்க்கிறார். கீற்றுக் கொட்டகைக்குள் வைக்கோல் அடைத்த பாலித்தீன் உருளைகள் உறியில் வரிசையாகத் தொங்கும். பையில் போட்ட துளைகள் வழியாகக் கொத்துக் கொத்தாகக் காளான் எட்டிப் பார்க்கும். கொத்தைத் திருகி எடுத்ததும் அடித்தண்டை ஒரு விரல் நீளம் கத்தியால் நறுக்கிவிடுவார். அதில் வைக்கோல் ஒட்டியிருக்கும், வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இருக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த அடித்தண்டு.

ஒட்டிய வைக்கோலை விரலால் உருவிவிட்டு, தண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மாடியில் கொசுவலை விரித்து அதன்மேல் பரப்பிவிடுவேன். வலையைத் தரையில் போடாமல் நான்கு செங்கல் வைத்துத் தூக்கிக் கட்டினால் கீழிருந்தும் காற்று போகும். நல்ல வெயிலில் இரண்டு நாள். விரலில் வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதனால் 10 கிலோ தண்டுக்கு ஒரு கிலோ தூள் வந்தால் அதிகம். அரைக்கும்போது வறுத்த கடலை மாவும் மீன் கருவாடும் கலந்தது போல ஒரு வாசனை வரும்.

காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. உடம்பின் காவல் செல்கள் அதைப் பூஞ்சையின் அடையாளமாகக் கண்டு விழித்துக்கொள்கின்றன. எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று சொல்வதன் அடிப்படை இதுதான். அதோடு வெயிலில் காய்ந்த காளானில் வைட்டமின் டி உருவாகும், குஞ்சின் கால் எலும்புக்கு அதுவே போதும்.

கோடையில் சிப்பிக் காளான் நம் ஊர் வெக்கைக்குத் தாங்காது. அப்போது பால் காளான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏபிகே 2 ரகம் 30 முதல் 35 டிகிரியிலும் நன்றாக வரும். அதன் தண்டு தடிமன், காய இன்னொரு நாள் ஆகும்.

22 ஜனவரி

மேலே ஒரு தவறு. திருத்துகிறேன், தயவுசெய்து அந்த வரியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

காளானில் வெயில் பட்டு உருவாவது டி2. நமக்கு அது பயன்படும். கோழிக்கு வேண்டியது டி3. பறவைகளின் உடம்பு டி2வை மிகக் குறைவாகவே பயன்படுத்திக்கொள்கிறது. டி3யோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். புவனகிரிப் பெரியவர் ஒருவர் சொன்ன பிறகு பழைய பாடக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. காளான் தூளை நம்பி யாராவது தீவனத்திலுள்ள வைட்டமின் கலவையைக் குறைத்தால் குஞ்சுகளுக்குக் கால் வளையும். குறைக்காதீர்கள். ஐயா, நன்றி.

2 பிப்ரவரி

அதே பெரியவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "மூலிகை கொடுக்காத கோழியையும் அதே கொட்டகையில், அதே நாளில் வளர்த்துப் பார்த்தாயா அம்மா?"

இல்லை ஐயா. 1 கிலோ 950 வந்தது ஐப்பசி மழையில் தீவன மூட்டை நனைந்த பேட்ச். 2 கிலோ 100 வந்தது மார்கழிக் குளிரில். தீவனம் வேறு, காற்று வேறு, குஞ்சு வந்த இடமும் வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டு "மூலிகைதான் காரணம்" என்று உறுதியாக எழுதியிருக்கிறேன். அந்த இரவிலிருந்து இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

6ஆம் தேதி குஞ்சு இறக்குகிறோம். கொட்டகையின் நடுவில் நீளவாக்கில் வலை கட்டி, கிழக்கே 200, மேற்கே 200. கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் தூள். தண்ணீர், தீவனம், தடுப்பு மருந்து எல்லாம் ஒன்று.

13 பிப்ரவரி

ஏழாம் நாள். கண் சொட்டு போட்டாயிற்று.

ஒரு விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது. வலைக்கு அந்தப் பக்கம் தூள் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நாங்கள் போடுவது உடைத்த குருணைத் தீவனம். குஞ்சு அலகுக்கு வசதியான குருணையைப் பொறுக்கித் தின்கிறது. தூள் நழுவித் தட்டின் அடியில் மஞ்சளாகப் படிந்துவிடுகிறது. மாலையில் ஒரு தட்டைக் கவிழ்த்துத் துடைப்பத்தால் கூட்டி எடைபோட்டேன், காலையில் கலந்த தூளில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இத்தனை நாளாக 5 கிராம் கொடுத்தேன், 5 கிராம் கொடுத்தேன் என்று கணக்கு எழுதியதெல்லாம் தட்டுக்குத்தான் போயிருக்கிறது!

இப்போது ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் விட்டுக் கையால் பிசறி, அதன்மேல் தூளைத் தூவிப் புரட்டுகிறேன். குருணையோடு ஒட்டிக்கொள்கிறது. மேற்குப் பக்கத்துக்கும் எண்ணெய் மட்டும் விட்டுப் பிசறுகிறேன், இல்லையென்றால் எண்ணெய் செய்த வேலையை மூலிகை பெயரில் எழுதிவிடுவேன். கஞ்சித் தண்ணீர் தெளித்துக் கலக்கலாம் என்பவர்களுக்கு: கலந்த அரைமணி நேரத்தில் தட்டு காலியாகுமானால் செய்யுங்கள். மிஞ்சினால் புளிக்கும்.

14 பிப்ரவரி

பூண்டுச் சாற்றைத் தண்ணீர்த் தொட்டியில் விடலாமா என்ற கேள்விக்கு: நான் விட்டேன். கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனை (நிப்பிள்) அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றினால் உள்சுவர் முழுவதும் வழவழவென்று பாசி மாதிரி ஒரு படலம். பூண்டைத் தட்டிப் பத்து நிமிடம் வைத்துத் தீவனத்தில் கலப்பதே நல்லது. தட்டினால்தான் அல்லிசின் என்ற மருந்துப் பொருள் உருவாகும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் தொட்டியில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத் தவிர.

16 பிப்ரவரி

கீழாநெல்லி போட்ட நாளில் கிழக்குப் பக்கம் தீவனம் மிஞ்சுகிறது. கோழிக்கு இனிப்புச் சுவை தெரியாது, மிளகாயின் காரமும் உறைக்காது. கிளி மிளகாயைக் கொத்தித் தின்பதும் அதனால்தான். கசப்பு மட்டும் நன்றாகவே தெரிகிறது. கல்லீரலுக்கு நல்லது என்று அள்ளிப் போட்டுத் தீனியைக் குறைத்துவிட்டால் என்ன லாபம்? அளவைப் பாதியாக்கிவிட்டேன். நிலவேம்பு போடுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

21 பிப்ரவரி

மனசு சரியில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காளான் அறுவடை முடிந்த பைகளைப் பிரித்து அந்த வைக்கோலை என் வீட்டுக்காரர் கொட்டகையின் தென்கோடியில், வலையின் இருபுறமும் விரித்திருந்தார். தரையில் கூளமாக விரிக்கும் கடலைத் தோல் விலை ஏறிவிட்டது, வைக்கோல் சும்மா கிடைக்கிறது, அவர் நினைத்ததில் தவறில்லை. மேலே காய்ந்துதான் இருந்தது. நான்காம் நாள் காலையில் அங்கே படுத்திருந்த குஞ்சுகள் வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கின. சளிச் சத்தம் இல்லை, வெறும் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வைக்கோலைப் புரட்டினேன். அடியில் கரும்பச்சைப் பூசணம், கை வைத்ததும் புகை மாதிரி எழுந்தது. ஒன்பது குஞ்சுகள் போயின. குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இரண்டைக் கொண்டுபோனோம். நுரையீரலில் கடுகளவு மஞ்சள் முடிச்சுகளைக் காட்டினார்கள். பூஞ்சை நிமோனியா. இதற்கு மருந்து கொடுத்துத் தேற்றுவது நடக்காத காரியம், கூளத்தை மாற்றுங்கள் என்றார்கள். அன்றே முழுவதையும் அள்ளிப் புதுக் கடலைத் தோல் போட்டோம்.

காளான் நல்லது என்று நான்தான் வீடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். காளான் வளர்ந்த ஈரத்தில் வேறு பூஞ்சையும் வளரும் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்போது வந்தது. விருத்தாசலம் பக்கம் கடலைப் பிண்ணாக்கு வாங்கித் தீவனம் அரைக்கிறவர்கள், காளான் தண்டைக் காயவைக்கிறவர்கள், முருங்கை இலையை மூட்டை கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: முழுதாகக் காயாத எதையும் கோழிக்குக் காட்டாதீர்கள். மழை நாளில் காய வழியில்லையென்றால் அந்த வாரம் தூளே வேண்டாம்.

22 பிப்ரவரி

காளான் வைக்கோலை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: தென்னைக்கு அடியில் போடுங்கள், மண்புழு உரத்துக்குப் போடுங்கள்.

1 மார்ச்

இழை வேறு பக்கம் போய்விட்டது, பரவாயில்லை. "ஹார்மோன் ஊசி போட்டுத்தானே 40 நாளில் 2 கிலோ வருகிறது, பிறகு மூலிகை எதற்கு?" என்று ஒரு சகோதரி கேட்கிறார். இல்லை அம்மா. 400 கோழிக்குத் தினமும் ஊசி போட எங்கே ஆள், எங்கே பணம்? கார்னிஷ், வெள்ளை பிளிமத் ராக் இனங்களைக் கலந்து, வேகமாக வளர்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததால் வந்த வளர்ச்சி இது. நாங்கள் போடுவது தடுப்பு மருந்து மட்டும். அந்த வேகம்தான் கோழிக்குப் பாரமும் ஆகிறது. காலும் இதயமும் உடம்பின் எடையோடு ஓட முடியாமல் திணறுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

16 மார்ச்

நேற்று எடை. பக்கத்துக்கு 30 கோழி, கூடையில் ஐந்து ஐந்தாக வைத்துத் தொங்கு தராசில் போட்டோம்.

கிழக்கு, தூள் கொடுத்தது: சராசரி 2 கிலோ 60 கிராம். மேற்கு, கொடுக்காதது: 2 கிலோ 10 கிராம். பூஞ்சையில் போனவற்றை விட்டுவிட்டால் கிழக்கே 3 இறப்பு, மேற்கே 8. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே "உன் தூள் ஜெயித்துவிட்டது" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

வியாபாரி வண்டியோடு வந்ததும் கேட்காமலே கிழக்குப் பக்கக் கோழியாகப் பிடித்துக் கூண்டில் போட்டார். ஏன் என்றேன். "கால் மஞ்சளாக இருக்கிறது, கடையில் நிற்காமல் போகும்" என்றார். மக்காச்சோளமும் காலுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும், ஆனால் அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அப்படியானால் அந்த நிறம் தூளின் வேலை, பெரும்பாலும் முருங்கை இலையாக இருக்கும்.

16 மார்ச், இரவு

தூக்கம் வரவில்லை. கூடைக் கணக்கைத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஒரு கூடைக்குச் சராசரி 1 கிலோ 850, இன்னொன்றுக்கு 2 கிலோ 250. ஒரு கூடையில் சேவல் இரண்டு கூடினால் சராசரி ஏறிவிடும்; குஞ்சு வாங்கும்போது சேவல், பெட்டை பிரித்து வாங்குவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் 50 கிராமைப் பெரிதாக எடுக்க முடியாது.

இறப்புக் கணக்குதான் நம்பிக்கையாக இருந்தது. அதுவும் இப்போது இல்லை. மனையின் அளவுக்காக எங்கள் கொட்டகையை வடக்கு தெற்காகக் கட்டினோம். கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் நீளப் பக்கங்களில் வெயில் அவ்வளவாக அடிக்காது. எங்களுடையதில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்குப் பாதி முழுவதும் வெயில். அந்த எட்டில் ஆறு கோழிகள் மாலையில் செத்தவை, நோட்டில் நானே நேரம் எழுதியிருக்கிறேன். தூள் டப்பா கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கிழக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த பேட்சில் பக்கம் மாற்றுவேன்.

5 ஏப்ரல்

குஞ்சு இறக்கியாயிற்று. இம்முறை தூள் மேற்குக்கு.

காளான் ஆய்வுகளைப் பற்றிக் கேட்ட சேத்தியாத்தோப்பு அண்ணனுக்கு: சீனாவில் ஷிடாகே காளானையும் ஆஸ்ட்ரகலஸ் என்ற மூலிகையையும் வைத்துக் கோழிகளில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுத்தது காளானிலிருந்து பிரித்தெடுத்த சாறு. நாம் கொடுப்பது தண்டை அப்படியே அரைத்தது. அதன் செல்சுவரில் இறால் ஓட்டிலிருக்கும் அதே கைட்டின் இருக்கிறது, கோழிக்கு முழுதாகச் செரிக்காது. அவர்கள் கண்ட பலனை நம் தூளின் பேரில் எழுதக் கூடாது.

9 மே

கத்திரி தொடங்கி ஐந்து நாள். காலை ஒன்பது மணிக்குத் தட்டைத் தூக்கிவிட்டு மாலை ஐந்துக்கு மேல்தான் தீவனம் வைக்கிறோம். நெல்லிக்காய்த் தூள் இரண்டு பக்கத்துக்கும் கொடுக்கிறேன். மேற்குப் பக்கம் கோழிகள் இறக்கையை விரித்து, கொண்டையெல்லாம் கறுத்து, சுவரை விட்டு விலகி நடு வலையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நேற்று ஒரே மாலையில் ஐந்து.

14 மே

எடை: மேற்கு, தூள் கொடுத்தது 1 கிலோ 870. கிழக்கு, கொடுக்காதது 1 கிலோ 940. இறப்பு மேற்கே 15, கிழக்கே 6.

மார்ச்சில் நான் நிறுத்தியிருந்தால் ஊர் முழுவதும் "தூள் உயிர் காக்கும்" என்று சொல்லியிருப்பேன். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தவர் "தூள் கொல்லும்" என்பார். இரண்டு முறையும் அதிகம் செத்தது மேற்குப் பக்கம். வெயில் கொன்றிருக்கிறது.

கால் நிறம் மட்டும் பக்கம் மாறியும் தூளோடுதான் போனது. இந்த முறை மேற்குக் கோழிக்குக் கால் மஞ்சள், வியாபாரி மறுபடியும் அதையே முதலில் பிடித்தார். ஆகவே தூள், பெரும்பாலும் அதிலுள்ள முருங்கை இலை, நிறம் கொடுக்கிறது என்பதை இப்போது தைரியமாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

20 மே

மேற்குச் சுவருக்கு வெளியே ஆறடி தள்ளிப் பந்தல் போட்டுத் தென்னங்கீற்று வேய்ந்துவிட்டோம். கூரையில் சாக்கு விரித்து மதியம் தண்ணீர் தெளிக்கிறோம். பந்தலில் கோவைக் கொடி ஏற்றப்போகிறேன்.

11 ஜூன்

குறிஞ்சிப்பாடித் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். சாகத் தொடங்கியதும் இரண்டு கோழிகளைக் கடலூரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அறுத்துப் பார்த்ததில் குருட்டுக்குடல் நிறைய ரத்தம், ரத்தக் கழிச்சல். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கூளம் சேறாகக் கிடந்ததுதான் காரணம். ரத்தக் கழிச்சலுக்கான ஆம்புரோலியம் என்ற மருந்து கொடுத்து, கூளத்தைக் கிளறிச் சுண்ணாம்பு போட்டதும் நின்றுவிட்டதாம். தம்பி, போனதற்கு மிகவும் சந்தோஷம். மஞ்சளா பொட்டலமா என்று நாம் ஐந்து மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் கோழிக்கு வேண்டியிருந்தது காய்ந்த கூளம்.

12 ஜூன்

கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் இதையெல்லாம் செய்யாதீர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் அவர்களுடையவை, உங்களுக்கு வளர்ப்புக் கூலி. தீவனத்தில் எதையாவது கலந்தது தெரிந்தால் கூலியில் பிடிப்பார்கள். கூளமும் நிழலும் உங்கள் கையில் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள்.

3 ஆகஸ்ட்

நாளைக் காலை 400 குஞ்சு வருகிறது. செப்டம்பர் 12, 13க்குள் ஏற்றிவிட வேண்டும். 17ஆம் தேதி புரட்டாசி பிறந்தால் கறி வாங்க ஆள் இருக்காது, பல்லடத்தில் அறிவிக்கும் கறிக்கோழி விலையும் இறங்கிவிடும்.

இம்முறை கலவையைப் பிரித்துவிட்டேன். முருங்கை இரண்டு பக்கத்துக்கும் உண்டு, கடைசி மூன்று வாரம். கீழாநெல்லி யாருக்கும் இல்லை. மஞ்சளும் மிளகும் பூண்டும் அடுத்த பேட்சுக்கு. காளான் தூள் மட்டும்தான் இந்த முறை பரீட்சை, அதுவும் முதல் 14 நாள். 200 குஞ்சு இரண்டு வாரத்தில் தின்பது ஏறக்குறைய 100 கிலோ தீவனம், அரைக் கிலோ தூள் போதும். நாத்தனார் பால் காளான் தண்டு கொடுத்தார். மூன்று நாள் காயவைத்து ஒவ்வொன்றையும் ஒடித்துப் பார்த்துத்தான் அரைத்தேன். எந்தப் பக்கம் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை, மாமியாரைச் சீட்டு எடுக்கச் சொன்னேன். மேற்கு வந்தது. பந்தலில் கோவைக் கொடி பாதி ஏறியிருக்கிறது. வலை கட்டியாயிற்று, தராசைத் துடைத்து வைத்திருக்கிறேன். தம்பி, நீங்களும் நடுவில் ஒரு வலை கட்டினால் உங்கள் எண்களையும் இங்கே போடுங்கள். இரண்டு கொட்டகைக் கணக்கு கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.